வீட்டாரிடம் மட்டும்

நானாவோ,
1951 ஏப்ரல் 24

அன்புள்ள கென்சாகுவுக்கு,

இந்த வருடம் செர்ரி தாமதமாகப் பூத்து, பூத்த மறுநாளே மழையில் உதிர்ந்துவிட்டது. நான் சௌக்கியம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். நம்பிக்கைதான், நிச்சயம் இல்லை.

உன் மாமா விட்டுப்போன கொட்டகையில் இன்னும் படம் ஓடுகிறது. டிக்கெட் கிழிப்பதும் நான், கூட்டிப் பெருக்குவதும் நான். மெஷின் ஓட்டுவதற்கு மட்டும் யசூகே. வீராப்புக்காரன், ரீல் அறுந்தால் ஜனங்களைத் திட்டுவான். பிப்ரவரியில் நம் பழைய டாக்டர் போய்ச் சேர்ந்த பிறகு ஊரில் டாக்டரே இல்லை. பல்வலிக்குக்கூட கனசாவாவுக்கு ரயில் ஏற வேண்டியிருக்கிறது.

ஆகஸ்டில், இறந்தவர்களுக்கு விளக்கேற்றும் ஓபோனோடு அம்மாவின் பதின்மூன்றாம் ஆண்டு நினைவும் வருகிறது. மஞ்சூரியாவிலிருந்து திரும்பி மூன்று நாள் தங்கினாய். அப்புறம் ஐந்து வருடம் ஆயிற்று. உன் முகம் எனக்கு மறந்தே போய்விடும் போலிருக்கிறது. இந்தத் தடவையாவது வா.

ஒரு சின்ன வேலை. யசூகேயின் மனைவிக்கு அடிவயிற்றில் ஓயாத வலி. என் வயதுதான், நாற்பத்தாறு. அவள் ஒரு அசடு, டாக்டரிடம் போக மாட்டேன் என்கிறாள். வலிக்கு ஏதாவது மாத்திரை அனுப்பு.

உன் அக்கா,
இசோ

*

கோபே,
1951 மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறாய் என்று படித்ததில் நிம்மதி. நானும் நலமே. இங்கே இப்போதே புழுக்கம் ஆரம்பித்துவிட்டது. ரயில் பாலத்துக்குக் கீழே இருக்கிறது என் ஆஸ்பத்திரி. வண்டி போகும்போதெல்லாம் மருந்து பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. பழகிவிட்டது.

ஓபோனுக்கு வருவது பற்றி இப்போதே சொல்ல முடியவில்லை. வீட்டுக்காரர் தொனோமுராவுக்கு உடம்பு சரியில்லை. இந்த இடத்தை எனக்குக் கொடுத்தவர் அவர். பென்சிலின் கண்ணில் காணக் கிடைக்காத காலத்தில் அதையும் எங்கிருந்தோ வரவழைத்துத் தந்தவர். அவரை விட்டுவிட்டு நகர்வது சரியாக இருக்காது.

மாத்திரை அனுப்பியிருக்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். அந்த அம்மாளுக்கு மெலிவு உண்டா? மாதவிலக்கு நின்ற பிறகும் ரத்தம் படுகிறதா? கேட்டு எழுது.

தம்பி,
கென்சாகு

*

நானாவோ,
1951 ஜூன் 4

கென்சாகு,

மழைக்காலம் தொடங்கி பாயெல்லாம் நமுத்துக்கிடக்கிறது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீ நலம் என்று எழுதியதைத்தான் நம்ப முடியவில்லை.

மீன் கூட்டுறவுச் சங்கத்து கனமோரி சென்ற வாரம் கோபே வந்தாரே, தெரியுமா? உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரி வரைக்கும் வந்திருக்கிறார். வாசலில் இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்களாம். சட்டைக் கைக்குள்ளிருந்து மணிக்கட்டு வரை பச்சை குத்தியிருந்ததாம். "டாக்டர் யாரையும் பாக்கறதில்ல, பெரியவரே. நடையைக் கட்டுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனிதர் ஊருக்கு வந்து என்னிடம் கேட்கிறார்: "இசோம்மா, உன் தம்பி அங்க டாக்டரா இருக்கானா, கைதியா இருக்கானா?"

வீட்டுக்காரராம் வீட்டுக்காரர். எந்த வீட்டுக்காரன் வாசலில் ஆள் போடுவான்? உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். என்னிடமே பூசி மெழுகாதே. நடந்தது என்ன என்று எழுது.

யசூகே மனைவியைக் கேட்டேன். மெலிவு உண்டு. ரத்தமும் படுகிறதாம்.

இசோ

*

கோபே,
1951 ஜூலை 11

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது, மன்னித்துவிடு. நான்கு முறை எழுதி நான்கையும் கிழித்தேன். வெயிலில் நீ கஷ்டப்படாமல் இருக்க வேண்டும்.

சொல்லிவிடுகிறேன். தொனோமுரா இந்தத் துறைமுகத்தையே கையில் வைத்திருக்கும் கூட்டத்தின் தலைவர். அவர் கையால் சாக்கே மதுக் கிண்ணம் வாங்கிக் குடித்து உறவானவர்கள் இருநூறு பேர். எல்லோருக்கும் அவர் 'அப்பா', அவர்கள் 'பிள்ளைகள்'. நான் கிண்ணம் வாங்கவில்லை. ஆனால் கத்திக்குத்தும் குண்டுக் காயமும் தைத்துத் தைத்தே அவர்கள் டாக்டர் ஆகிவிட்டேன். போலீஸிடம் ஒன்றைக்கூடச் சொன்னதில்லை. பசியில் கிடந்தபோது சோறு போட்டவர் அவர் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிப்ரவரியில் அவர் வயிற்றைப் படம் எடுத்துப் பார்த்தேன். புற்று, முற்றிவிட்டது. இந்த மாதிரி நோயை நோயாளியிடம் சொல்லாமல் வீட்டாரைக் கூப்பிட்டுச் சொல்வதுதான் நம் வழக்கம், உனக்கே தெரியும். அவருக்கு மனைவி இல்லை, பெற்ற பிள்ளையும் இல்லை. வீட்டார் யார் என்று கேட்டேன். ஹிகாசா என்பவன் முன்னால் வந்து, "மூத்த பிள்ளை நான்தான், டாக்டர். எங்கிட்ட சொல்லுங்க" என்றான். நானும் சொல்லித் தொலைத்தேன்.

இதைப் போல ஒரு முட்டாள்தனம் உண்டா, அக்கா? அப்பா எப்போது போவார் என்று மூத்த பிள்ளையிடமே தேதி குறித்துக் கொடுத்திருக்கிறேன். கேட்டுவிட்டு அவன் பணிவாகத் தலை குனிந்தான். அப்புறம் சொன்னான்: "அப்பா காதுக்கு இது போகக் கூடாது. நீங்களும் ஊரைவிட்டுப் போகக் கூடாது. நீங்க போனா எல்லாருக்கும் சந்தேகம் வரும்." மறுநாளிலிருந்து வாசலில் அந்த இரண்டு பேர். ஆனாலும் விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது. இப்போது கூட்டம் கூடினால் எல்லோரும் ஹிகாசாவுக்கு ஒரு பிடி அதிகமாகக் குனிகிறார்கள். தொனோமுரா அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், ஏன் என்று புரியாமல்.

யசூகேயின் மனைவி விஷயம் நல்லதாகப் படவில்லை. பெரிய நோயாக இருக்கலாம். அவளிடம் எதுவும் சொல்லாதே, பயந்து உயிரை விட்டுவிடுவாள். யசூகேயிடம் மட்டும் சொல். கனசாவாவுக்குக் கூட்டிப் போகச் சொல்.

கென்சாகு

*

கோபே,
1951 ஆகஸ்ட் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதிலே இல்லை. கோபமா, உடம்புக்கு முடியவில்லையா? ஒரு வரி போடு.

ஓபோனும் போய்விட்டது. அன்றைக்கு ஆஸ்பத்திரிப் பின்கட்டில் அம்மாவுக்கு ஒரு விளக்கு ஏற்றினேன். அங்கே நீ தனியாக நின்று ஏற்றியிருப்பாய் என்று நினைத்ததும் அடக்க முடியாமல் அழுதுவிட்டேன். இந்த வயதில் அழுகிறேன், சிரிக்காதே.

போன வாரம் நடந்ததை உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்? தொனோமுராவுக்குச் சினிமாப் பைத்தியம். ஊரெல்லாம் பேசிக்கொள்ளும் ஒரு படத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ரவுடிகளிடம் மாட்டிக்கொண்ட ஒரு டாக்டரின் கதை. "உன் கதைதான் டாக்டரே, வா, யாரு நல்லா நடிக்கிறாங்கன்னு பாக்கலாம்" என்று கிண்டல் வேறு. முன்னால் நான்கு பேர், பின்னால் நான்கு பேர், நடுவில் நாங்கள்.

அந்தப் படத்தில் ஒரு கட்டம். படகில் போய்க்கொண்டிருக்கும்போது டாக்டர் அந்த ரவுடியிடம் முகத்துக்கு நேரே சொல்கிறார், உனக்கு இன்னும் ஆறு மாதம்தான் என்று. ரவுடி சிரிக்கிறான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தண்ணீரையே பார்க்கிறான். தொனோமுரா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகக் கேட்டார்:

"அந்த டாக்டரு நேராச் சொல்லிட்டான். நீ ஏன் எனக்கு இன்னும் ஒண்ணும் சொல்லல?"

"அல்சர்தான்" என்றேன். "ஓ" என்றார். மீதிப் படத்தைக் கடைசி வரை பார்த்தார்.

சொன்னால் ஹிகாசா என்னை உயிரோடு விட மாட்டான். சொல்லாவிட்டால் அந்த மனிதர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என்ன செய்யட்டும்?

கென்சாகு

*

நானாவோ,
1951 செப்டம்பர் 17

அன்புள்ள கென்சாகுவுக்கு,

கோபமெல்லாம் இல்லை. கொட்டகையில் வேலை அதிகம், உடம்பு கொஞ்சம் அசதி, அவ்வளவுதான். காலையில் காற்று குளிர ஆரம்பித்துவிட்டது. நீ கம்பளிச் சட்டையை எடுத்து வெயிலில் போடு.

நீ சொன்ன படம் இங்கேயும் வந்தது. நான்கு நாள், எட்டுக் காட்சி. எட்டையும் பார்த்தேன். முதல் ஆட்டம் முடிந்து வெளியே போகும்போது மீன்காரி தொக்கி என் முதுகில் தட்டி, "உன் தம்பி இவ்ளோ அழகா இருக்க மாட்டானே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எட்டாவது ஆட்டத்தில் அந்தப் படகு வந்தபோது கைதட்டினேன். சபையில் நான் ஒருத்திதான். யசூகே மெஷின் அறையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

நீ என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறாய். சொல்லிவிடு. அந்த மனிதர் கெட்டவரோ நல்லவரோ, வயிறு அவருடையது. சாவும் அவருடையது. ஊரே தெரிந்து வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசுவதும், வாசலுக்கு வந்ததும் பேச்சை மாற்றுவதும் எப்படி இருக்கும் தெரியுமா? நீங்கள் டாக்டர்கள் எல்லாம் அதைக் கருணை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எவ்வளவு நாள் என்று தெரிந்தால் ஒருத்தி செய்ய வேண்டியதைச் செய்வாள், பார்க்க வேண்டியவர்களைப் பார்க்க ஆசைப்படுவாள். தெரியாவிட்டால் வேலைவெட்டி இல்லாமல் அடுத்த வருடத்துக்கு முள்ளங்கி ஊறுகாய் போட்டுக்கொண்டிருப்பாள்.

உனக்கு ஆபத்து வரும் என்று எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. இரண்டு நாளாகத் தூங்கவில்லை. இருந்தாலும் அதைத்தான் சொல்கிறேன்.

சொல்லிவிட்டு, உயிர் இருந்தால், நேரே ஊருக்கு வா. மாத்திரை இன்னும் கொஞ்சம் அனுப்பு. இப்போதெல்லாம் அது போதவில்லையாம்.

இசோ

*

கோபே,
1951 அக்டோபர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீயும் அசதி தீர்ந்து நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். புதிய மாத்திரை அனுப்பியிருக்கிறேன். பலமானது, ஜாக்கிரதை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். தொனோமுரா ஒரு துண்டு டோஃபுவைக் கிண்ணத்துக்குள் அங்கும் இங்கும் தள்ளிக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

"எத்தனை நாளு?"

"புத்தாண்டு மோச்சிப் பலகாரம் சாப்பிடுவீங்களான்னு சொல்ல முடியாது. பனி உருகற வரைக்கும் இருந்தாலும் இருக்கலாம்."

"வேற யாருக்குத் தெரியும்?"

பிப்ரவரியிலிருந்து நடந்ததை எல்லாம் சொன்னேன். சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தார். "அப்ப எட்டு மாசமா என் வயித்தப் பத்தி என்னைத் தவிர எல்லாப் பயலுக்கும் தெரிஞ்சிருக்கு" என்றார். ஹிகாசாவைக் கூப்பிட்டனுப்பினார். அவ்வளவுதான், இரண்டு பிணம் விழப்போகிறது, அதில் ஒன்று என்னுடையது என்று நினைத்தேன். ஹிகாசா வெளுத்துப்போய் வந்து உட்கார்ந்தான்.

"ஏண்டா, கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்றார்.

மறுவாரம் எல்லோரையும் கூட்டி, தன் கிண்ணத்தை அவன் கையில் கொடுத்துவிட்டார். ஹிகாசா தேம்பித் தேம்பி அழுதான். நிஜ அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. வாசலில் இருந்த இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

அப்புறம் என்னிடம் சொன்னார்: "நீ எங்க வேணும்னாலும் போலாம், டாக்டரே. யாரும் தடுக்க மாட்டான். ஆனா எனக்கு இப்ப ஊசி போடறதுக்கு வேற ஒருத்தன் கை வேண்டாம்னு தோணுது. முடிஞ்சா இரு."

உத்தரவு போட்டிருந்தால் அன்றைக்கே ரயில் ஏறியிருப்பேன். கேட்டுவிட்டார், அக்கா. இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். வசந்தத்தில் வந்துவிடுவேன். வந்தால் திரும்ப மாட்டேன். கொட்டகைக்குப் பக்கத்து இடத்தைப் பார்த்து வை.

கென்சாகு

*

நானாவோ,
1951 அக்டோபர் 31

அன்புள்ள கென்சாகுவுக்கு,

உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். நீ உயிரோடு இருக்கிறாய், அது போதும். இங்கே எல்லாம் வழக்கம்போல். நானும் அப்படியே.

வாக்குக் கொடுத்துவிட்டாய், இரு. சாகப்போகிற மனிதர் கேட்டு மறுத்தால் நீ என் தம்பி இல்லை. பக்கத்து இடம் காலியாகத்தான் இருக்கிறது. சொந்தக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஜன்னல் கடலைப் பார்த்து இருக்கும்.

வசந்தம் என்றால் மார்ச்சா, ஏப்ரலா? சும்மா கேட்டேன். சாயங்காலம் ஆறு மணி வண்டி வரும் சத்தம் கேட்டால் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு ஸ்டேஷன் தெருவைப் பார்க்கிறேன். அந்த வண்டியில் நீ வர மாட்டாய் என்று தெரியும். தெரிந்தும் தினமும் பார்க்கிறேன். உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது, கென்சாகு. வேறொன்றும் எழுத வரவில்லை.

இசோ

*

நானாவோ,
1951 டிசம்பர் 2

கென்சாகு,

இத்துடன் இருப்பது கனசாவா ஆஸ்பத்திரியிலிருந்து உன் பெயருக்கு ஏப்ரலில் வந்த கடிதம். நான் பிரித்துப் படித்துவிட்டேன். தப்புதான்.

"திரு. கென்சாகு அவர்களுக்கு. தங்கள் சகோதரியைப் பரிசோதித்ததில் கருப்பையில் புற்று கண்டிருக்கிறது. பக்கங்களுக்கும் பரவிவிட்டதால் அறுவை செய்து பயனில்லை. குளிர்காலத்தைத் தாண்டுவது கடினம். நோயாளிக்கு இதைத் தெரிவிக்காமல், கடைசி நாட்களில் உடனிருந்து பார்த்துக்கொள்ளும்படி வீட்டாரைக் கேட்டுக்கொள்கிறோம்."

கனசாவாவில் டாக்டர் என்னிடம் சிரித்துக்கொண்டே, "ஒண்ணுமில்லம்மா, வீட்டாரோட விலாசம் மட்டும் குடுத்துட்டுப் போங்க" என்றார். ஒன்றுமில்லாததற்கு விலாசம் எதற்கு? உன் பெயரைச் சொல்லி, கொட்டகை விலாசத்தைக் கொடுத்தேன். கடிதம் என் கைக்கே வந்தது.

யசூகேவுக்கு மனைவி கிடையாது. அவனை யார் கட்டுவார்கள்?

உன்னை வரவழைக்க நோயைக் காட்டக் கூடாது, நீயாக வர வேண்டும் என்று ஒரு வீம்பு. அப்புறம் உனக்கே ஆபத்து என்று தெரிந்ததும் வாயடைத்துவிட்டது. அப்புறம் உன் வாக்கு. என் நிலை தெரிந்த யசூகே நேற்று மெஷினை நிறுத்திவிட்டு வந்து திட்டினான். "படத்துல அந்த டாக்டரு சொன்னதுக்குக் கைதட்டினீங்களே, தம்பிகிட்ட மட்டும் ஏன் மூடி மூடி வைக்கிறீங்க? அவனும் வீட்டு ஆளுதானே?"

அவன் சொல்வது சரி. அதனால் சொல்லிவிட்டேன். நீ அந்த மனிதரை விட்டுவிட்டு வர வேண்டும் என்று சொல்லவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை.

இசோ

*

கோபே,
1951 டிசம்பர் 11

இசோ அம்மாளுக்கு, தொனோமுரா எழுதுவது.

இந்தக் குளிரில் தாங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதற்கே கூச்சமாக இருக்கிறது. நான் எப்படி இருக்கிறேன் என்பது தங்களுக்குத் தெரியும். நான் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லாதவன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

தங்கள் கடிதம் வந்து மூன்று நாள் டாக்டர் என்னிடம் மூச்சுவிடவில்லை. ஒரே ஊசியை மூன்று தடவை கொதிக்க வைத்தான். குண்டு எடுக்கும்போதுகூட நிதானம் தவறாத ஆள். "யாருடா செத்தது?" என்று கேட்டேன். "யாரும் இல்ல" என்றான். இந்தப் பயலுக்குப் பொய் சொல்ல வராது, அன்றைக்குக் கொட்டகையிலும் வரவில்லை. கடைசியில் கடிதத்தை என் முன்னால் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். என்னிடம் உண்மையைச் சொல்லச் சொன்னது தாங்கள்தான் என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னான்.

இருநூறு பேர் என்னை அப்பா என்று கூப்பிட்டார்கள். ஒருத்தனும் சொல்லாததைச் சொல்லச் சொன்னவர் தாங்கள். அதனால் இந்த இரண்டு மாதம் நான் மனிதனாக இருந்தேன். பகையாளிகள் மூன்று பேரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒருவன் கதவைத் திறக்கவில்லை, பரவாயில்லை.

டாக்டர் போக மாட்டேன் என்று அடம்பிடித்தான். கொடுத்த வாக்காம். வாக்கு வாங்கியவன் நான், திருப்பிக் கொடுப்பதும் நான்தான் என்று சொல்லிவிட்டேன். எனக்கு ஊசி போட ஹிகாசா கற்றுக்கொண்டிருக்கிறான். நன்றாகக் குத்துகிறான், அது அவனுக்குக் கைவந்ததுதான்.

வரிசையில் நான் முன்னால் நிற்பதாக டாக்டர் சொல்கிறான். தாங்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.

இதைத் தபாலில் போடவில்லை. கொண்டுவந்தவன் தங்கள் எதிரில்தான் நிற்பான். ராத்திரி வண்டியில் இடமில்லாமல் நின்றுகொண்டே வந்திருப்பான், வழியில் எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டான். படித்தது போதும். அவனை உள்ளே கூப்பிடுங்கள்.

தொனோமுரா